ஓர் எண் இரண்டு முறை வந்தால்...

கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சாலையில் கொள்கலன் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வேறு வேலையில்லாத அந்த நேரத்தில் கண் தானாகவே கொள்கலனின் பின்கதவில் போய் நிற்கும். அங்கே நான்கு ஆங்கில எழுத்துகள், அவற்றின் பின் ஆறு இலக்கங்கள், கடைசியில் சிறு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். எந்தக் கடலில் மிதந்தாலும் அந்தப் பெட்டிக்கு அதுதான் பெயர். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். பாரிஸில் 1933ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கொள்கலன் பணியகத்தில் அவை பதிவு பெற்றவை. கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம், முன்னால் உள்ளவை சரிதானா என்று சோதிப்பதற்கு. துறைமுக வாயிலில் இருக்கும் கேமராக்கள் இன்று இந்த எண்ணைத் தாமாகவே படித்துக்கொள்கின்றன.

இரும்புப் பெட்டியின் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுகிறது. நம் சிறு வியாபாரிகளைப் படுத்துவது அதற்குள் இருக்கும் சரக்கின் கணக்கு.

கதவைத் திறந்தால் உள்ளே வரிசை வரிசையாக மரத்தட்டுகள். 'பேலட்' என்றால்தான் கிடங்கில் யாருக்கும் புரியும். ஒவ்வொரு பேலட்டின் மீதும் அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றியிருப்பார்கள். அதன் பக்கவாட்டில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை லேபிள் ஒன்று. அதன் அடிப்பகுதியில் தடித்த கறுப்புக் கோடுகள். கோடுகளுக்குக் கீழே பூச்சியம் பூச்சியம் என்று தொடங்கும் நீண்ட எண். இந்த எண்ணுக்கு 'சீரியல் ஷிப்பிங் கண்டெய்னர் கோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுவிட்டு, இது கப்பலில் ஏறும் இரும்புக் கொள்கலனுக்கு உரியது என்று நினைப்பவர்கள் நிறைய. இங்கே கண்டெய்னர் என்பது பேலட்டாக இருக்கலாம், தனி அட்டைப்பெட்டியாகவும் இருக்கலாம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒன்றாக நகரும் சரக்குக் கட்டு எதுவானாலும் சரி. பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இந்த லேபிளை அச்சடிப்பது பெரிய வித்தையில்லை. கணினி ஒன்று, லேபிள் அச்சுப்பொறி ஒன்று, வடிவமைப்பு மென்பொருள் ஒன்று இருந்தால் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதில் காக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. அது தவறினால் சரக்கு வாசலோடு திரும்பும்.

கிள்ளானில் மசாலாத் தூள் அரைத்துப் பொட்டலம் கட்டும் குடும்பத் தொழில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா காலத்தில் வேனில் ஏற்றி மளிகைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இப்போது மகள் பொறுப்புக்கு வந்திருக்கிறார். பெரிய பேரங்காடி ஒன்றின் விநியோகக் கிடங்குக்குச் சரக்கு கொடுக்க வாய்ப்பு வருகிறது. ஒப்பந்தத்தோடு ஒரு தடித்த கையேடும் வருகிறது. ஒவ்வொரு பேலட்டிலும் தொடரெண் லேபிள் இருக்க வேண்டும். லோரி புறப்படும் முன்பே, எந்த எண்ணுள்ள பேலட்டில் எந்தச் சரக்கு, எத்தனை பெட்டி, காலாவதி எப்போது என்ற பட்டியல் கிடங்கின் கணினிக்கு வந்துவிட வேண்டும்.

கிடங்கு வாசலில் நடப்பது சில நொடி வேலைதான். பேலட்டை இறக்குபவர் கையிலிருக்கும் ஸ்கேனரை லேபிளின் மீது காட்டுகிறார். முன்கூட்டி வந்த பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று கணினி தேடுகிறது. இருந்தால் ஒரு 'பீப்'. உள்ளே போகலாம், பெட்டிகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த எண் ஏற்கெனவே ஒருமுறை உள்ளே வந்திருந்தால் கதை வேறு. 'இந்தப் பேலட் பெறப்பட்டுவிட்டது' என்று திரையில் வரும். கண்ணெதிரே நிற்கும் பேலட்டைக் கணினி நம்பாது. சரக்கு ஒதுக்கி வைக்கப்படும் அல்லது திருப்பி அனுப்பப்படும். லோரி காத்திருப்பதற்குத் தனிக் கூலி. தீபாவளிக்கு முந்திய வாரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அலமாரிக்கு அன்று போகாத மசாலா, பண்டிகை முடிந்த பிறகு போய் என்ன பயன்?

இன்னும் மோசமான நிலையும் உண்டு. ஒரு தொகுதித் தூளில் ஏதோ கலப்படம் என்று சந்தேகம் வந்து, கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். எந்தப் பேலட் எங்கே போனது என்று எண்ணைக் கொண்டுதான் தேட முடியும். இரண்டு பேலட்டுக்கு ஒரே எண் என்றால், ஒன்றைப் பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். மற்றது யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே விதி இதுதான்: எண் விட்டுப்போகலாம், திரும்ப வரக்கூடாது. 41-க்குப் பிறகு 45 வந்தால் ஒரு கிடங்கும் கேள்வி கேட்காது. 41 இரண்டு முறை வந்தால்தான் வில்லங்கம்.

கிராணி போட்ட கோடுகள்

சரக்குக் கணக்கில் கோடு போடுவது புதிதல்ல. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901-இல் திறக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலும், சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலும் மூட்டை சுமந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். மூட்டை ஒன்று கடந்து போகும்போது கணக்கெழுதும் கிராணி ஒரு கோடு போடுவார். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. அந்தக் கணக்கில் மூட்டைக்குப் பெயர் கிடையாது. நூறு மூட்டை அரிசி என்றால் நூறு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்த மூட்டை என்று யாரும் கேட்கவில்லை.

கொள்கலன் வந்து மூட்டை தூக்கும் வேலையை விழுங்கியது. 1956 ஏப்ரல் 26-இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1972 ஜூன் 23 அன்று 'நிஹோன்' என்ற கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தபோது கொள்கலன் யுகம் நம் வட்டாரத்துக்கும் வந்துவிட்டது.

கறுப்புக் கோடுகளின் கதை ஒரு கடற்கரையில் தொடங்குகிறது. அமெரிக்கரான நார்மன் ஜோசப் உட்லண்ட் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகளை நினைத்தபடி மணலில் விரல்களை இழுத்தார். புள்ளியும் கோடும் கீழ்நோக்கி நீண்டால் தடித்த கோடும் மெல்லிய கோடும் ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கடையில் பயன்பட இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரப் பேரங்காடியில் ஒரு பொட்டலம் சூயிங்கம்தான் முதன்முதலாக அப்படி விலை போட்டு விற்கப்பட்டது.

அந்தச் சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு, அதே வகைப் பொட்டலம் எல்லாவற்றிலும் ஒன்றேதான். இன்றும் நாம் வாங்கும் மிளகாய்த் தூள் பொட்டலத்தில் இருப்பது அந்த ரகம். 'நான் இன்ன பொருள்' என்று மட்டும் சொல்லும். பேலட் லேபிளில் இருக்கும் தொடரெண்ணோ, 'நான் இன்ன பேலட். என்னைப் போல் இன்னொன்று இல்லை' என்று சொல்கிறது. மூட்டைக்கு முதன்முதலாகப் பெயர் கிடைத்தது இப்படித்தான்.

பதினெட்டு இலக்கம்

இந்த எண்ணில் 18 இலக்கங்கள். முதல் இலக்கம் நிறுவனம் தன் வசதிக்கு வைத்துக்கொள்வது. 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். அடுத்து வருவது நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட முன்னொட்டு. நம் நாட்டில் இதை ஜிஎஸ்1 மலேசியாவிடம் பதிந்து பெற வேண்டும். அது 955 என்று தொடங்கும். சிங்கப்பூரில் பதிந்தால் 888. அதன் பின்பு வருவதுதான் தொடரெண். பதினெட்டாவது, சோதனை இலக்கம்.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று எண்ணைப் பார்த்தால் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று தெரிந்துவிடும் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. நம்ப வேண்டாம். 955 என்பது எண்ணை ஒதுக்கியது மலேசிய அமைப்பு என்பதை மட்டுமே சொல்லும். அதே நிறுவனம் சரக்கை வேறு நாட்டில் செய்து வரவழைத்து, இந்த எண்ணிலேயே விற்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு, முதல் இலக்கம் 0, முன்னொட்டு 9551234, தொடரெண் 000000001 என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்து 17 இலக்கங்கள். இடமிருந்து ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 10. அதை மூன்றால் பெருக்கினால் 30. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 20. இரண்டும் சேர்ந்து 50. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் சோதனை இலக்கம். 50 தானே பத்தின் மடங்கு என்பதால் இங்கே 0. தொடரெண் 2 ஆனால் கூட்டல் 53. சோதனை இலக்கம் 7. மூன்றுக்கு 4, நான்குக்கு 1. தட்டச்சில் ஏதாவது ஓர் இலக்கம் மாறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 16 என்பது 61 ஆவது, 27 என்பது 72 ஆவது போல, வித்தியாசம் ஐந்தாக இருக்கும் ஜோடிகள் மட்டும் இதன் கண்ணுக்குத் தப்பும்.

இந்த எடுத்துக்காட்டில் தொடரெண்ணுக்கு ஒன்பது இடம். அதாவது 100 கோடி எண்கள். நாளொன்றுக்கு நூறு பேலட் அனுப்பினாலும் தீர்ந்துபோக 27,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முன்னொட்டு நீளமாக இருந்தால் தொடரெண்ணுக்கு இடம் குறையும். அப்படியும் ஒரு சிறு தொழிலுக்குத் தாராளம். சரக்கு அனுப்பி ஓராண்டு கடக்கும் முன் அந்த எண்ணை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பது விதி. ஓராண்டுக்குப் பின்னும் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. இவ்வளவு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பழைய எண்ணுக்கு ஏன் போக வேண்டும்?

அப்படியிருந்தும் எண் திரும்ப வருகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மென்பொருளைச் சரியாகப் பழக்காததால் வருகிறது.

மென்பொருளின் முன் உட்கார்ந்தால்

சந்தையில் பார்டெண்டர், நைஸ்லேபிள், ஸீப்ராடிசைனர், கோட்சாஃப்ட் என்று பல மென்பொருள்கள் உண்டு. பார்டெண்டர் மது ஊற்றிக் கொடுப்பவர் அல்ல; பார்கோடில் இருக்கும் 'பார்' மீது ஒரு சிலேடை. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். திரையில் லேபிளின் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம். வழக்கமான அளவு 105-க்கு 148 மில்லிமீட்டர், அல்லது நான்குக்கு ஆறு அங்குலம். மேலே அனுப்புநர், பெறுநர் முகவரி, நடுவில் மனிதர் படிப்பதற்கான விவரம், அடியில் பார்கோடு. மாறாத எழுத்துகளை ஒருமுறை தட்டச்சு செய்து வைத்துவிடலாம். லேபிளுக்கு லேபிள் மாற வேண்டியதை மட்டும் 'இது மாறும்' என்று அறிவிக்க வேண்டும்.

முதல் சறுக்கல் இங்கேதான் நேர்கிறது. 18 இலக்க எண்ணை முழுதாக ஒரே கட்டத்தில் தட்டிவிட்டு, 'ஒவ்வொரு லேபிளுக்கும் ஒன்று கூட்டு' என்று சொல்லிவிடுகிறார்கள். மென்பொருள் சொன்னதைச் செய்யும். 10 என்று முடிந்த எண் 11, 12, 13 என்று போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். அது ஒன்று ஒன்றாக ஏறக்கூடாது. இப்படி அச்சடித்தால் பத்தில் ஒன்றுதான் சரியாக அமையும். வேடிக்கை என்னவென்றால், நாம் கவனமாகக் கணக்குப் போட்ட முதல் லேபிள் சரியாகவே இருக்கும். அதை மட்டும் சோதித்துப் பார்த்து, 'ஓகே' என்று மற்றதை அச்சுக்கு விட்டுவிடுவோம்.

எண்ணை மூன்று துண்டாக வைப்பதுதான் முறை. முதல் இலக்கமும் முன்னொட்டும் ஒரு துண்டு, அது மாறாது. தொடரெண் தனித் துண்டு; கூட்டல் அதற்கு மட்டும். அதை ஒன்பது இடத்துக்குப் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூச்சியங்கள் காணாமல் போகும். சோதனை இலக்கத்தை மென்பொருளே கணக்கிடட்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: அடுத்தடுத்த நான்கு லேபிள்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 0, 7, 4, 1. மும்மூன்றாக இறங்குகிறது. தொடரெண் 9-லிருந்து 10-க்குத் தாண்டும் இடத்தில் மட்டும் இந்தத் தாளம் மாறும். 0, 1, 2, 3 என்று ஏறினால் அச்சுப்பொறியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது அடைப்புக்குறி. லேபிளில் கோடுகளுக்குக் கீழே (00) என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு பூச்சியம் இருக்கும். 'பின்னால் வருவது பேலட்டின் தொடரெண்' என்று கணினிக்கு அறிவிக்கும் குறி அது. அடைப்புக்குறி மனிதர் படிப்பதற்காக மட்டுமே. கோடுகளுக்குள் அது இருக்கக்கூடாது. மென்பொருளில் பார்கோடு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது 'ஜிஎஸ்1-128' என்று தேர்ந்தால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக வெறும் 'கோட் 128' என்பதைத் தேர்ந்து, லேபிளில் கண்டபடியே அடைப்புக்குறியோடு தட்டினால், அதுவும் கோடுகளாக அச்சாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். கிடங்கின் ஸ்கேனர் ஏற்காது. சோதிப்பதற்கு யூஎஸ்பி ஸ்கேனர் ஒன்றைக் கணினியில் செருகி, நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு லேபிளைப் படிக்கச் செய்யுங்கள். 00 என்று தொடங்கி, அடைப்புக்குறி இல்லாமல், மொத்தம் 20 இலக்கம் வர வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் நம்பும் எக்செல்லுக்கு வருவோம். எண்களைப் பட்டியலாக எக்செல்லில் போட்டு, அதை மென்பொருளோடு இணைத்து அச்சடிப்பது நல்ல வழிபோலத் தோன்றும். ஆனால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளவற்றைப் பூச்சியமாக்கிவிடும், சொல்லாமல் கொள்ளாமல். முன்னால் இருக்கும் பூச்சியத்தையும் விழுங்கிவிடும். நம் எடுத்துக்காட்டு எண்ணில் முதல் பூச்சியம் போனால் மிச்சம் 17 இலக்கம். அதில் கடைசி இரண்டும் பூச்சியமாகும். அந்த இரண்டு, தொடரெண்ணின் கடைசி இலக்கமும் சோதனை இலக்கமும்! ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள பேலட்டுகள் எல்லாமே ஒரே எண்ணாகிவிடும்; பிறகு பத்துப் பத்தாக ஒரே எண். தொடரெண் எதற்காக இருக்கிறதோ அதையே அழித்துவிடுகிறது. தட்டச்சு செய்யும் முன்பே அந்தப் பத்தியின் வடிவத்தை 'உரை' என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தட்டிய பின் மாற்றிப் பயனில்லை. போன இலக்கம் போனதுதான். இன்னும் நல்லது, எக்செல்லில் பொருளின் பெயரும் காலாவதித் தேதியும் மட்டும் இருக்கட்டும். தொடரெண்ணை மென்பொருளின் எண்ணியிடம் விட்டுவிடுங்கள்.

எண்ணியையும் கண்மூடி நம்ப முடியாது. அது கடைசியாக அச்சடித்த எண்ணை எங்கோ ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. பெரும்பாலும் அந்த லேபிள் கோப்புக்குள்ளேயே. மாலையில் கணினியை மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்கும். நாம் எதையும் மாற்றவில்லையே என்று 'வேண்டாம்' அழுத்தினால், சில மென்பொருள்களில் எண் காலையில் தொடங்கிய இடத்துக்கே போய்விடும். மறுநாள் காலை நேற்றைய எண்கள் மீண்டும் அச்சாகும். எந்தத் தவறும் நடந்ததாக யாருக்கும் தெரியாது.

வேலை கூடி, இரண்டாவது கணினி வாங்கும்போது வருவது இன்னொரு வகை. கோப்பை பென்டிரைவில் எடுத்து மற்றதில் போட்டுவிடுவார்கள். ஒரே எண்ணிலிருந்து இரண்டு கணினிகளும் எண்ணத் தொடங்கும். இரண்டும் ஒரே எண்ணியைப் பகிரும் வசதி விலை கூடிய பதிப்புகளில் கிடைக்கும். அதற்குச் செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு எண்ணின் முதல் இலக்கம் கைகொடுக்கும். ஒரு கணினிக்கு 0, மற்றதற்கு 1 என்று நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இரண்டின் எண்களும் எந்நாளும் மோதாது. காசில்லாத தீர்வு இது. பலர் அந்த இலக்கத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒரு பேலட்டின் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் ஒரே லேபிளை ஒட்டுவது வழக்கம். எந்தப் பக்கம் வெளியே தெரிந்தாலும் படிக்கலாம் அல்லவா? இங்கே மட்டும் ஒரே எண் இரண்டு முறை அச்சாக வேண்டும். அச்சுப் பெட்டியில் 'ஒரே மாதிரிப் படிகள்' என்று ஓரிடமும், 'தொடர் லேபிள்கள்' என்று ஓரிடமும் தனித்தனியாக இருக்கும். பத்துப் பேலட் என்றால் முன்னதில் 2, பின்னதில் 10. அவசரத்தில் தொடரில் 20 என்று போட்டுவிட்டால், ஒரே பேலட்டின் இரு பக்கத்திலும் இரு வேறு எண்கள். ஒரு பேலட், இரண்டு பெயர். கிடங்கில் ஒருவர் முன்பக்கத்தைப் படித்து உள்ளே அனுப்புவார். பின்பக்கத்து எண்ணுக்குரிய பேலட் வரவே இல்லை என்று மறுநாள் புகார் வரும்.

லேபிள் கிழிந்துபோனால்? அடுத்த எண்ணில் புதிதாக ஒன்று அடித்து ஒட்டிவிடுவதுதான் பலர் செய்வது. பட்டியல் ஏற்கெனவே கிடங்குக்குப் போய்விட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். கிழிந்த லேபிளின் அதே எண்ணை மறுஅச்சு செய்ய வேண்டும். எண்ணியைக் கையால் பின்னுக்குத் தள்ளாமல், மென்பொருளில் அதற்கென இருக்கும் மறுஅச்சு வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

வெயிலும் வியர்வையும்

திரையில் எல்லாம் சரியாக இருந்தும் தாளில் கெட்டுப்போவதுண்டு. லேபிள் அச்சுப்பொறிகள் இரு வகை. ஒன்று மையே இல்லாமல், சூடு பட்டால் கறுக்கும் தாளில் அடிப்பது. நம் பணப்பற்றுச் சீட்டுகள் இந்த வகை. காரின் முன்பக்கத்தில் போட்டு வைத்த சீட்டு என்ன கதியாகிறது என்று நமக்குத் தெரியும். மற்றது மை நாடாவை உருக்கித் தாளில் ஒட்டச் செய்வது. நம் ஊர் வெயிலில் நிற்கும் கொள்கலனுக்குள் போகும் சரக்குக்கு இரண்டாவதே ஏற்றது. மெழுகு நாடா மலிவு, ஆனால் உரசினால் அழியும். மெழுகும் பிசினும் கலந்த நாடாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மிக மெல்லிய கோட்டின் அகலம் 0.495 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கோடுகளின் உயரம் 32 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அங்குலத்துக்கு 203 புள்ளி போடும் சாதாரண அச்சுப்பொறியில் நான்கு புள்ளி சேர்ந்தால் அரை மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் முழுப் பார்கோடும் 78 மில்லிமீட்டர் அகலம் வரும். இரு பக்கமும் ஐந்தைந்து மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டால் 88. லேபிளுக்குள் வசதியாக அடங்கும். அந்த வெற்றிடத்தில் நிறுவனச் சின்னத்தையோ கட்டத்தின் கோட்டையோ கொண்டுவந்து முட்ட விடாதீர்கள். பார்கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாமல் போகும். கோப்பில் வைத்த பார்கோடை மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவதும் வேண்டாம். புள்ளிகள் முழு எண்ணாக வராமல் கோடுகளின் அகலம் தாறுமாறாகும்.

அச்சுத் தலையில் ஒரு புள்ளி இறந்துபோனால் லேபிள் முழுவதும் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கீற்று விழும். கோடுகள் தாள் நகரும் திசையிலேயே ஓடுமானால், அந்தக் கீற்று ஏதோ ஒரு கோட்டை முழு நீளத்துக்கும் தின்றுவிடும். முகவரி எழுத்தில் கீற்று தெரிந்தால் அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. அதிலும் போகாவிட்டால் மாற்றும் நேரம்.

ஒட்டும்போது பிளாஸ்டிக் உறைக்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே ஒட்டி மேலே சுற்றினால் சுருக்கமும் பளபளப்பும் ஸ்கேனரின் ஒளியைச் சிதறடிக்கும். பார்கோடு தரையிலிருந்து 400 முதல் 800 மில்லிமீட்டர் உயரத்துக்குள், பேலட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பாரந்தூக்கியில் உட்கார்ந்திருப்பவர் இறங்காமலே படிப்பதற்கான உயரம் அது. உறைபனிச் சரக்கு என்றால், குளிர்சாதன அறையிலிருந்து வந்து வியர்த்த பெட்டியின் மேல் எந்தப் பசையும் நிற்காது. உறைய வைக்கும் முன்பே, அதற்கென உள்ள பசையோடு வரும் லேபிளை ஒட்டிவிட வேண்டும்.

கடைசியாக, பேலட்டைப் பிரித்து அடுக்கும் விஷயம். வாடிக்கையாளர் பாதியைக் கேட்டார், இரண்டு பேலட்டில் இருந்ததை ஒன்றாக்கினோம், மழையில் நனைந்த நான்கு பெட்டியை எடுத்துவிட்டு வேறு வைத்தோம் என்பதெல்லாம் கிடங்கில் அன்றாடம் நடப்பவை. அப்போது அது பழைய பேலட் அல்ல. புதிய எண், புதிய லேபிள், பட்டியலிலும் புதிய வரி. பழைய லேபிள்கள் இரண்டையும் உரித்துக் கிழித்துப் போட்ட பிறகே புதியதை ஒட்ட வேண்டும். பழையது அப்படியே இருக்க அதன் பக்கத்தில் புதியது ஒட்டப்பட்டிருந்தால், ஸ்கேனர் எதை முதலில் பிடிக்கிறதோ அதுதான் அந்தப் பேலட்டின் பெயர்.